வீட்டாள்

அறுபது மணி நேரத்தில் முப்பத்தாறை முடித்திருந்தான். இருபத்து நான்கு பாக்கி இருந்தது. சனிக்கிழமைக்கு ஆறு மணி நேரம் பேருந்து நிலையத்தைப் பெருக்கிக் கழுவ வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. ஆறு சனிக்கிழமை ஒழுங்காகப் போனவன் அடுத்த நாலுக்குப் போகவில்லை. அதை விசாரிக்கத்தான் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்திருந்தார்.

வீடு என்றால் ஒரு அறை, அதை ஒட்டி ஒரு அடுப்படி. அறையின் பாதியில் திரை கட்டியிருந்தது. திரைக்குப் பின்னால் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு பேக்கரி அடுப்பில் இரவு வேலை. காலை ஆறரைக்கு மாவு படிந்த கால்சட்டையோடு வந்து, எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவார். அதனால் அந்த வீட்டில் பகலில் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அலுவலருக்கும் அது தொற்றிக்கொண்டது. இளம்பெண். மழையில் நனைந்த செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலை மடக்கிப் பாயில் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, நான் திட்ட வரலை. கோர்ட்டுக்கு ஒரு காரணம் சொல்லணும். உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருந்தேன்.”

“அப்ப எங்க போன?”

“சும்மா சுத்துனேன்.”

“நாலு சனிக்கிழமையுமா?”

“நாலும்தான்.”

“எங்க சுத்துன?”

“சுத்துறதுக்கு அட்ரஸ் இருக்கா மேடம்?”

அலுவலர் சிரிக்கவில்லை. அம்மா டீப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் மகன் எழுந்து போய் அதை வாங்கி, தானே டம்ளர்களில் ஊற்றினான். பிறகு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்து, பழையபடி சுவரைப் பார்த்தான்.

“அங்க வேலை எதுவும் நிக்கலையே மேடம்?” என்று அம்மா கேட்டாள். “நிலையம் சுத்தமாத்தானே இருந்துச்சு?”

“நிலையம் சுத்தமாகணும்னு இதைக் குடுக்கலம்மா. இவன் வந்து நிக்கணும். இவனோட நேரம்தான் கணக்கு. இவனுக்கு நாலு வாரமும் ஆப்சென்ட்.”

“இவனோட நேரம்” என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியாதது இல்லம்மா. முதல்ல எச்சரிச்சு விட்டாங்க. அப்புறம் அபராதம். அப்புறம் ராத்திரி எட்டுக்கு மேல வெளிய போகக் கூடாதுன்னாங்க. கடைசியா இது. இதுவும் நடக்கலைன்னா, இனிமே என் கையில ஒண்ணும் இல்ல. உள்ளதான் அனுப்புவாங்க.”

“உள்ளன்னா உள்ள” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அங்கயாவது நேரத்துக்குத் தின்னுட்டுத் தூங்குவான்.”

அப்பா வெளியே வந்தார். அடுப்பு முன்னால் நிற்கிறவர்களுக்கு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும். அவருக்கு இடது பக்கம். தூக்கம் கலைந்த கண்ணோடு மகனைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துப் பேசினார்.

“சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே கிளம்புனீங்க? மூஞ்சி கழுவி, தலை வாரி, கலெக்டர் மாதிரி போனானே தொரை!”

“முக்கு வரைக்கும் ஒண்ணாத்தான் போனோம்” என்றாள். அது பொய் இல்லை.

“முக்குக்கு அப்புறம்?”

அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

*

தெருவில் அவனுக்கு ஸ்பீடு என்று பெயர். பதினாலு வயதில் எதிர்வீட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய், ஊரைச் சுற்றிவிட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினான். பெட்ரோல்தான் குறைந்திருந்தது. அதற்கு எச்சரிக்கை. அடுத்து மருந்துக்கடைக்காரரின் ஸ்கூட்டர். அதைத் திருப்பி நிறுத்த முடியவில்லை. ஒரு கடைக் கண்ணாடிக்குள் போய் நின்றது. அதற்கு அபராதம். மூன்றாவது முறை ராத்திரிக் கட்டுப்பாடு போட்டார்கள். அப்பா பேக்கரியில் இரவு வேலைக்கு நிற்பார். அம்மா நாள் முழுதும் நின்ற காலோடு படுத்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டாள். ஜன்னல் வழியாக இறங்கிப் போனான். பாலத்தில் போலீஸ் பிடித்தபோது அவன் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி யாருடையது என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் நல்ல பிள்ளை என்று சொல்ல யாரும் இல்லை. அவனும் சொல்லிக்கொண்டதில்லை.

ஆனால் பேருந்து நிலையத்துக்குப் போன ஆறு வாரமும் வீட்டில் கொஞ்சம் காற்று மாறியிருந்தது. பினாயில் வாசனையோடு வந்து கதை சொல்வான். பெஞ்சில் தூங்குகிற ஒரு ஆள், துடைப்பம் பக்கத்தில் வந்தால் கண்ணைத் திறக்காமலே காலைத் தூக்குவானாம். பெருக்கி முடித்ததும் காலை இறக்குவானாம். “கதவு மாதிரிம்மா, தானா திறந்து தானா மூடுது.” அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். திரைக்குப் பின்னாலிருந்து அப்பா, “பெருக்கறதுக்கு இவ்வளவு வாயா?” என்பார். ஆனால் சனிக்கிழமை காலையில் அடுப்பிலிருந்து நேராக எடுத்த பன் இரண்டு, காகிதத்தில் சுற்றி, சூடாக வீட்டுக்கு வரும். யாருக்கு என்று சொல்ல மாட்டார். மேசையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

இப்போது அவருக்குத் தீராத ஆத்திரம் அதுதான். அலுவலர் போன பிறகு திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

“நாலு வாரமும் என் பன்னைத் தின்னுட்டுல்ல சுத்தப் போயிருக்கான். தின்னுட்டு ‘வரேன்ப்பா’ன்னு வேற சொன்னான். தூக்கத்துல ‘சரிடா’ன்னேன். நான் ஒரு மடையன்.”

மகன் எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். அம்மா தூக்கவேண்டிய குடம்.

*

அம்மா வேலை பார்த்தது ஒரு பெரிய லாண்டரியில். ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று எங்கிருந்தோ எல்லாம் படுக்கை விரிப்புகள் வந்து குவியும். இயந்திரம் துவைத்துப் பிழிந்து தள்ளும். பிழிந்த பிறகும் ஒரு இரட்டை விரிப்பில் ஈரத்தின் எடை பாதி இருக்கும். அதை இரண்டு பேர் நான்கு மூலையில் பிடித்து, ஒரே நேரத்தில் உதறவேண்டும். சவுக்குச் சத்தம் மாதிரி ஒரு சத்தம் கேட்டால் சுருக்கம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு சூட்டு உருளையின் வாயில் நேராகக் கொடுக்கவேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து, தட்டையாகி, ஆவி பறக்க வெளியே வரும்.

உதறுகிறவர்களுக்கு ஜோடியாகத்தான் சம்பளம். ஒருத்தி வராவிட்டால் மற்றவள் உதற முடியாது. அவளுக்கும் அன்று வேலை இல்லை. அதனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. வர முடியாதவள் தன் வீட்டிலிருந்து ஒரு ஆளை அனுப்புவாள். தங்கை, நாத்தனார், மருமகன், யாராக இருந்தாலும் சரி. அந்த ஆளுக்கு வீட்டாள் என்று பெயர். வீட்டாள் வந்தால் வராதவள் கணக்கில்தான் வேலை ஏறும். யாரும் பெயர் கேட்பதில்லை. போன வருஷம் ஒரு வீட்டாள் பையனின் விரல்கள் உருளைக்குள் போன பிறகு, பதினெட்டு ஆகாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று கேட்டில் எழுதிப் போட்டார்கள். அது ஒன்றுதான் புதுச் சட்டம்.

அம்மாவுடைய ஜோடி நெட்டையக்கா. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். கோர்ட்டுக்கு முந்தின நாள் இடைவேளையில் இருவரும் ஆவி வெளியேறும் குழாய்க்குக் கீழே, சூட்டுக்காக நின்றார்கள். மழை விடவே இல்லை.

“கை எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“இருக்குன்னா? கழட்டி வீட்டுல வெச்சிட்டா வரமுடியும்? காட்டுடி.”

அம்மா வலது கையை நீட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்று இருந்தது. நெட்டையக்கா தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

“தலையணை உறைன்னா பரவாயில்ல. இந்தச் சனிக்கிழமை இரட்டை விரிப்பு வரும்போதுதான் உயிர் போகுது.”

“அதான் எடையை நான் என் பக்கம் இழுத்துக்கிறேனே. மடச்சி, நீ பாட்டுக்கு மூலையைப் பிடிச்சாப் போதும்.” நெட்டையக்கா மழையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “நாளைக்கு என்ன சொல்லப் போற?”

“தெரியலக்கா.”

“சொல்லாதேன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா என் வாய் வெந்துரும். அவன் எனக்கும் பிள்ளைதான். ஆனா அவன் இங்க வந்து உன் இடத்துல நின்னான்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை விழுந்துச்சுன்னா, நீ, நான், மேஸ்திரியம்மா, மூணு பேரும் அன்னைக்கே கேட்டுக்கு வெளிய. மேஸ்திரியம்மா பாவம். ‘தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாடா’ன்னு உள்ள விட்டாளே தவிர, அவளுக்கு என்ன கிடைச்சுது?”

“எனக்குத் தெரியாதாக்கா?”

“தெரியும். அதான் பயமா இருக்கு.” நெட்டையக்கா சிரித்தாள். “மூணே விரிப்புல பழகிட்டான்டி. ‘பெரியம்மா, நீங்க மாடியில நின்னு உதறுறீங்க, நான் தரையில நிக்கிறேன், கொஞ்சம் இறங்கி வாங்க’ங்கறான். உருளை பக்கம் போனா மட்டும் பேச்சே இல்ல. கண்ணு எடுக்க மாட்டான். நாலு வாரமும் ஒரு விரிப்பு கோணல் இல்ல. திருட்டுப் பயலாம்! யாரு சொன்னது?”

“எல்லாரும்தான்” என்றாள் அம்மா.

மணி அடித்தது. உள்ளே போனார்கள்.

*

அன்று சாயங்காலம் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, “காலைல நேரா கோர்ட்டுக்கு வந்துடறேன்” என்று சொன்னார். யாரிடம் என்று இல்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மகனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் தேய்த்ததில் காலர் ஒழுங்காக வரவில்லை. மகன் இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

“நான் எழுந்து சொல்லிடப் போறேன்டா.”

“சொல்லு. நம்புவாங்கன்னு நெனக்கிறியா? பெத்தவ பிள்ளைக்காகப் புளுகறாம்பாங்க. நெஜமான்னு பார்க்க லாண்டரிக்கு ஆள் அனுப்புவாங்க. மூணு பேருக்கு வேலை போகும். அதுக்கப்புறமும் நான் உள்ளதான் போவேன், போக வேண்டிய இடத்துக்குப் போகலைல்ல. எதுக்கு இவ்வளவு செலவு?”

“அப்பாகிட்டயாவது சொல்றேன்.”

“அவரா? ‘பதினாறு வயசுப் பிள்ளையை உருளை முன்னாடி நிக்க வெச்சியா’ன்னு நாளைக்கே லாண்டரி வாசல்ல வந்து கத்துவாரு. உன்னை ஒரு நாள் வேலைக்கு விட மாட்டாரு. தெரியாதா உனக்கு?”

அவளுக்குத் தெரியும். அவர் கத்துவதில் தப்பும் இல்லை என்று தெரியும்.

“உள்ள போயிருவியேடா தம்பி.”

“பைக் எடுத்ததுக்கே போயிருக்க வேண்டியது. லேட்டாப் போறேன். அவ்வளவுதான்.” அவன் சட்டையைத் திருப்பிப் போட்டான். “ம்மா, இன்னொண்ணு. நான் நின்னதைக் கூட ஒரு நாள் சொல்லிக்கோ. நீ செஞ்சியே, அதை மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதே.”

“ஏன்டா?”

“எனக்கு அதை நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு” என்றான். பெட்டியை அழுத்தித் தேய்த்தான். “அங்கயும் இங்கயும் ஒண்ணுன்னு நெனச்சுட்டோம்ல ரெண்டு பேரும். லூசுங்க.”

‘ரெண்டு பேரும்’ என்று அவன் சேர்த்துக்கொண்டது அவளுக்குத் தாங்கவில்லை. அங்கேயும் வீட்டாள் செல்லும் என்று சொன்னவள் அவள் மட்டும்தான். அவன், “கேட்டுட்டியாம்மா?” என்று இரண்டு தடவை கேட்டிருந்தான்.

*

சிறுவர் கோர்ட் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி இருந்தது. மேடை இல்லை. நீண்ட மேசைக்குப் பின்னால் நீதிபதி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஜலதோஷம். பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கைக்குட்டையை எடுத்தார். அப்பா தூங்காமல் வந்திருந்தார். ஒரு புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட அம்மாவின் கை போனது, பாதியில் நின்றது.

அலுவலர் எழுந்து பேசினார். ஆறு வாரம் ஒழுங்காக வந்தான் என்பதை முதலில் சொன்னார். பிறகு, “வீட்டில் பொறுப்பு எடுத்துக்கொள்ள ஒருவர் இருந்தால், பாக்கி மணி நேரத்தை முடிக்க இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்பது என் பரிந்துரை” என்றார்.

நீதிபதி மகனைப் பார்த்தார்.

“தம்பி, ஏன் வரலைன்னு நீயே சொல்லேன். எதுவா இருந்தாலும் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கேன்.”

“சுத்திட்டு இருந்தேன் ஐயா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் ஐயா.”

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க? இவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்க போவான்னு நீங்க பொறுப்பு எடுத்துக்கிறீங்களா?”

அப்பா எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டார், பிறகு அவிழ்த்தார்.

“ஐயா, நான் ராத்திரி வேலைக்காரன். பகல்ல தூங்கறவன். ஜன்னல்ல ஏறிப் போனான், சரி, நான் இல்லாத நேரம்னு விட்டேன். ஆனா இது நான் இருக்கும்போது. நாலு வாரம் என் முன்னாடி நின்னு தலை வாரிட்டு, என் கையால தின்னுட்டு, ‘வரேன்ப்பா’ன்னு சொல்லிட்டுப் போனான். நான் நம்புனேன்.” “இனிமே இவன் சொல்றதை நான் நம்பி உங்களுக்கு வாக்குக் குடுத்தா, அது பொய் வாக்குங்க. என்னால முடியாது. நீங்களே வெச்சுக்குங்க.”

அம்மா எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

“நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?”

அவள் மகனைப் பார்த்தாள். அவன் தலை அசைக்கவில்லை. வெறும் கண்ணால் ‘உட்காரும்மா’ என்றான். சின்ன வயதில் ஊசி போடும்போது அவன் அழாமல் இருக்க அவள் அவனைப் பார்ப்பாளே, அது மாதிரி பார்த்தான்.

“நல்லாத்தான் பார்த்துக்கிட்டான்” என்றாள்.

“யாரை?”

“எல்லாத்தையும்.”

நீதிபதி கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் உட்கார்ந்தாள்.

தீர்ப்பைச் சொல்லும்போது நீதிபதியின் குரல் இறங்கிவிட்டது. எச்சரிக்கை, அபராதம், கட்டுப்பாடு, உழைப்பு, ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் பயன்படவில்லை, காரணம் கேட்டும் சொல்லவில்லை, வீட்டிலும் பொறுப்பேற்க ஆள் இல்லை என்றார். அடைத்து வைப்பது தனக்குப் பிடித்த காரியம் இல்லை என்றும் சொன்னார். நான்கு மாதம், சிறார் இல்லம்.

கூட்டிப்போகும் முன் தாழ்வாரத்தில் இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். அப்பா தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“கைக்கு டாக்டரைப் பாரு” என்றான் மகன். “தள்ளிப் போடாத.” பிறகு குரலை உயர்த்தினான். “அப்பா, வரேன்.”

அப்பா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வீட்டுக்குப் போக பேருந்து நிலையத்தில் வண்டி மாறவேண்டும். மூன்றாவது நடைமேடை பெஞ்சில் இருவரும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் வரிசையாகச் சொட்டியது. நனைந்த காலடிகளால் தரை சேறாகியிருந்தது.

“பெருக்கச் சொன்னாங்க” என்றார் அப்பா. “கல்லா உடைக்கச் சொன்னாங்க? இதோ, இந்தத் தரை. இதைப் பெருக்கறதுல என்ன வந்துச்சு அவனுக்கு?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“நான் சொன்னது தப்பாடி?”

“தப்பில்லைங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னீங்க.”

“அப்ப ஏன் அப்படிப் பார்க்கற?”

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு ஆள் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கையில் சாவிக்கொத்து. நிலையத்தின் துப்புரவு மேற்பார்வையாளர்.

“என்னம்மா, ரெண்டு மூணு வாரமா ஆளையே காணோம்?” என்றார் சிரித்துக்கொண்டே. “பையனுக்கு முடிஞ்சிருச்சா? இடது கையால பெருக்குனாலும் உன்ன மாதிரி மூலை பார்த்துப் பெருக்க இங்க ஒருத்தனும் இல்ல போ.” வண்டி ஒன்று பின்வாங்கியது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார்.

அப்பா அவர் போன திசையைப் பார்த்தார். பிறகு அவளுடைய கையைப் பார்த்தார். மடியில் மேலே திரும்பிக் கிடந்த வலது கை. வீக்கத்தை அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

“அந்த ஆளுக்கு உன்னை எப்படித் தெரியும்?”

“ஏங்க, கத்தாம கேளுங்க. இங்க கத்தாதீங்க.”

“எப்படித் தெரியும்னு கேட்டேன்.”

“என்னால விரிப்பு உதற முடியலைங்க. கை போச்சு. நான் போகலைன்னா நெட்டையக்காவுக்கும் அன்னைக்கு வேலை இல்ல. அந்த நாலு சனிக்கிழமையும் அவன்தான் லாண்டரியில என் இடத்துல நின்னான்.” மெதுவாக, தூங்குகிறவர் இருக்கிற வீட்டில் பேசுவது போலப் பேசினாள். “லாண்டரியில வீட்டாள் வந்தா வேலை கணக்குல ஏறும்ல? இங்கயும் ஏறும்னு நெனச்சேன். ‘பையனுக்குப் பதிலா வந்திருக்கேன்’னு அவருகிட்ட சொன்னேன். அவரு சிரிச்சாரு, துடைப்பத்தைக் குடுத்தாரு. எழுதிக்கிட்டாருன்னு நெனச்சேன்.”

“யாரு... யாரு பெருக்குனது?”

“நான்தாங்க. அவனோட இருபத்து நாலு மணி நேரத்தையும் நான்தான் பெருக்குனேன்.”